எங்கே ஒழுகுது, காட்டுங்க

போன வருஷம் ஆடி மாதத்தில் சேலத்து சர்வீஸ் சென்டர் ஒன்றில் என் கையில் ஒரு எஸ்டிமேட்டைக் கொடுத்தார்கள். வழக்கமான சர்வீஸுக்கு விட்ட வண்டி. ஒன்பது வயசான, பின்சக்கரத்தில் இழுக்கும் ஏழு சீட்டர். எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுவோம். ஆயில், ஃபில்டர், வீல் அலைன்மென்ட் என்ற பழகிய வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி: டிஃபரன்ஷியல் ஆயில் லீக், அசெம்ப்ளி மாற்ற வேண்டும். எதிரே 78,400 ரூபாய்.

"எந்த இடத்துல லீக்?" என்று கேட்டேன்.

"டிஃபரன்ஷியல்ல சார்."

"அது தெரியுது. டிஃபரன்ஷியல்ல எங்கே?"

சர்வீஸ் அட்வைசர் தம்பி திரையைப் பார்த்தார். திரையில் அதற்கு மேல் எதுவும் இல்லை. "டெக்னீஷியன் பார்த்துட்டுதான் சார் போட்டிருக்காரு. வேண்டாம்னா 'கஸ்டமர் டினைட்'னு போட்டுடறேன். அப்புறம் வழியில ஏதாவது ஆச்சுன்னா எங்களைக் கேக்கக் கூடாது."

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். லிஃப்ட் காலியில்லை, சாயங்காலம் ஆகும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நாமக்கல் திரும்பினேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "கம்பெனிக்காரன் சொன்னா செஞ்சுட்டுப் போங்க மாமா, மலைப் பாதையில போற வண்டி" என்றான் மச்சினன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுக்காரர் இன்னும் நிதானமாகச் சொன்னார்: "அந்த வண்டிக்குன்னே டிரெயினிங் எடுத்தவங்க அவங்க. நமக்கு ஓட்டத்தான் தெரியும். தெரிஞ்சவன் சொன்னா கேட்டுக்கணும்." சொந்த வண்டி வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பங்களில் இதுதான் பொதுவான அபிப்பிராயம். இதைச் சோம்பேறிகளின் நினைப்பு என்று தள்ளிவிட முடியாது. பொறுப்பான, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற ஆட்கள் இப்படி நினைக்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கே ஒழுகுகிறது என்பது கண்ணால் பார்க்கிற சமாச்சாரம். அதற்கு என்ன செய்வது என்பதுதான் தெரிந்தவர் சொல்ல வேண்டியது. ஓட்டு வீடு ஒழுகினால், ஏறிப் பார்க்கிற ஆள் எந்த ஓடு என்று கைநீட்டிக் காட்டுகிறார். ஓட்டை மாற்றினால் போதுமா, கீழே சட்டமும் உளுத்திருக்கிறதா என்பதில் அவர் பேச்சுக்குக் கட்டுப்படுகிறோம். எந்த ஓடு என்றே சொல்லாமல் கூரையைப் பிரித்துப் போட்டு மாற்றச் சொன்னால், அவர் எத்தனை வீடு வேய்ந்தவராக இருந்தாலும் சம்மதிப்போமா? என் கையில் வந்தது அப்படிப்பட்ட எஸ்டிமேட்.

டிஃபரன்ஷியல் என்றால் என்னவோ நமக்கு எட்டாத சமாச்சாரம் என்ற மிரட்சியும் இதில் ஒரு பங்கு. நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பெயர் கிரவுன். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால், முழுசாகத் திரும்பும் ஒரு வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.7 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். எழுபதையும் கூட்டினால் 330 மீட்டர். இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டியிருந்தால், அத்தனை தூரமும் டயர் தேய்ந்து இழுபட்டுத்தான் போகும். அப்படி ஆகாமல் இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரக் கூடு அது. பிரான்சில் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக 1827-லேயே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. இருநூறு வருஷமாக மனிதர்களுக்குத் தெரிந்த ஒன்றுக்கு இவ்வளவு பயம் வேண்டியதில்லை.

அந்தக் கூட்டிலிருந்து ஆயில் வெளியே வர வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. முன்னால் ஜாயின்ட் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கில் பினியன் சீல். இரண்டு பக்கமும் சக்கரத்தை ஒட்டி ஆக்சில் சீல். கூட்டை மூடியிருக்கும் இடத்தில் பேக்கிங். ஆயில் ஊற்றும் பிளக்கும் வடிக்கும் பிளக்கும். அபூர்வமாக, கல்லில் அடிபட்டு வார்ப்பிலேயே விழுந்த கீறல். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஈரம் படியும் இடம் வேறு, வைத்தியம் வேறு, செலவு வேறு. பிளக் வாஷர் டீக்காசு. சீல் சில நூறு ரூபாய். வார்ப்பில் கீறல் என்றால் பெரிய வேலை. "டிஃபரன்ஷியல் லீக்" என்று எழுதுவது, நாமக்கல்லில் ஒருவரைத் தேடி வந்தவனிடம் "தமிழ்நாட்டில் இருக்கிறார்" என்று சொல்வது மாதிரி.

அது கிரவுன் ஆயில்தானா என்பதே முதலில் தெரிய வேண்டும். கியர்பாக்ஸின் வாலில் ஒழுகும் ஆயில், வண்டி ஓடும்போது காற்றில் பின்னுக்குப் பறந்து கிரவுனின் மூக்கில் ஒட்டிக்கொள்ளும். பின்சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் அது பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம். தொட்டால் தண்ணீர் மாதிரி மெலிசாக இருக்கும், தண்ணீரில் கழுவினால் கரைந்து போகும். கிரவுன் ஆயில் கெட்டி, கந்தக நெடி அடிக்கும். ஒருமுறை முகர்ந்தவருக்கு ஆயுசுக்கும் மறக்காது. ஆக, அடியில் படிந்திருக்கும் அழுக்கை டீசலும் பிரஷும் போட்டுக் கழுவித் துடைத்து, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து, புதிதாக ஈரம் எங்கிருந்து கிளம்புகிறது என்று மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டும். கழுவாமல் பார்ப்பவர் பழைய அழுக்கைத்தான் பார்க்கிறார்.

"அவங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கே" என்றான் மச்சினன். இருக்கிறது. எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அது நிறையச் சொல்லும். ஆனால் என் வண்டி மாதிரி வண்டிகளின் கிரவுனில் ஆயில் அளவைச் சொல்ல ஒரு சென்சாரும் கிடையாது. எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கேனரைச் சொருகினாலும் சீல் ஒழுகுவது அதில் வராது. ஃபில்லர் பிளக்கைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டு, ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் நிற்கிறதா என்று பார்க்கிற வேலை அது. அதைச் செய்தார்களா என்று கேட்டபோதும் அந்தத் தம்பியிடம் பதில் இல்லை. இரண்டு லிட்டர் பிடிக்கும் கூட்டில் இருபது மில்லி குறைந்திருக்கிறதா, ஒரு லிட்டர் குறைந்திருக்கிறதா என்று தெரியாமல் அசெம்ப்ளியை மாற்று என்று எப்படிச் சொல்ல வந்தது?

எதிர்வீட்டுக்காரர் டாக்டரை இழுத்தார். டாக்டர் சொன்னால் எதிர்க்கேள்வி கேட்கிறோமா என்றார். நன்றாகக் கேட்டார். இங்கே ஒரு டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னால், எதற்கும் வேலூர் போய் ஒருமுறை காட்டிவிட்டு வரலாம் என்று ராத்திரி ரயிலுக்கு ஓடுகிற ஊர் நம்முடையது. எதிர்வீட்டுக்காரரே தன் மாமியாரின் முழங்காலுக்கு மூன்று இடத்தில் எக்ஸ்ரே எடுத்தவர். தவிர, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுகிறார். எனக்கு ஒரு போட்டோகூடக் காட்டவில்லை. டெக்னீஷியன் பையில் செல்போன் இல்லாமலா இருந்திருக்கும்?

"அசெம்ப்ளியா மாத்திட்டா தொல்லை விட்டுது" என்ற வாதம் இவற்றில் கொஞ்சம் கனமானது. அதில் உண்மையும் இருக்கிறது. கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம். பேரிங்கை எவ்வளவு இறுக்கத்தில் உட்கார வைப்பது என்பதும் அதே மாதிரி நுணுக்கம். பல வண்டிகளில் பினியன் நட்டுக்குப் பின்னால் நசுங்கி உட்காருகிற ஒரு குழாய் வளையம் இருக்கும். நட்டை ஒரு கால் சுற்று கூடுதலாக இறுக்கினால் அது மேலும் நசுங்கி, பேரிங் சூடாகி, ஆறு மாதத்தில் ஊளையிடத் தொடங்கும். இதையெல்லாம் தொழிற்சாலையிலேயே அளந்து பூட்டி அனுப்பும் அசெம்ப்ளியைப் போட்டால், பட்டறையில் யாருடைய கைக்கும் சோதனை இல்லை. பட்டறைக்கு அது வசதி என்பது புரிகிறது. அந்த வசதிக்கான பில் ஏன் என் பெயரில் வர வேண்டும் என்பதுதான் புரியவில்லை. தொல்லை விடும் என்பதும் உறுதியில்லை. ஏன் என்று சொல்ல, என் வண்டிக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முதலில் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். கம்பெனிக்காரன் மேல் இருந்த கோபத்தில், பைபாஸ் ஓரத்து மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். கீழே குனிந்து பார்த்த மாத்திரத்தில் "பினியன் சீல்தான் சார்" என்றார். மத்தியானத்துக்குள் புது சீல் போட்டுக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் மறுபடி மூக்கில் ஈரம். "பழைய வண்டி சார், கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஓட்டுங்க" என்றார். கசிவெல்லாம் சகஜம் என்கிற இந்த வேதாந்தமும் எனக்கு வேண்டாம். கிரவுனில் ஓடுவது ஹைப்பாயிட் பல். 1920-களில் பேக்கார்ட் கார்களில் வந்தபோது, பினியனைக் கீழே இறக்கி வண்டியின் தரையைத் தாழ்த்த உதவிய அமைப்பு அது. அதன் விலை என்னவென்றால், பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கியும் போகும். அந்த உரசலைத் தாங்கத்தான் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த தனி ஆயில். அது குறைந்து ஓடினால் பல் பாழ்.

அப்புறம்தான் லாரிப் பட்டறை ஒன்றில் அந்தப் பெரியவரைப் பிடித்தேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் கிரவுனைப் பிரித்து மாட்டியே தலை நரைத்தவர். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "முதல்ல கழுவுவோமுங்க" என்றார். கழுவினோம். மோகனூர் வரை போய் வரச் சொன்னார். வந்ததும் பிட்டின் மேல் நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் ஃபில்லர் பிளக்கை மெதுவாகத் திருகினார். புஸ்ஸென்று காற்று சீறியது. குக்கர் வெயிட்டைத் தூக்கினாற்போல. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மூச்சு விடறதுக்கு வழியில்லீங்க இதுக்கு."

ஆக்சிலின் முதுகில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தொப்பி இருக்கும். பிரீதர் என்பார்கள். ஓட ஓட உள்ளே ஆயிலும் காற்றும் சூடாகி விரியும். விரிந்த காற்று அந்த வழியாக வெளியேறும். அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி, எந்த சீல் இளகுகிறதோ அந்த வழியே ஆயிலைத் தள்ளும். என் வண்டியில் அந்தத் தொப்பியைக் காணவே இல்லை. பெரியவர் ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டச் சுரண்டக் கறுப்பாகத் தார் மாதிரி உரிந்து வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் துருப்பிடிக்காமல் இருக்க என்று சொல்லி அடித்த அண்டர்பாடி கோட்டிங். அடித்தது அதே சர்வீஸ் சென்டர். அதற்கும் தனி பில் கொடுத்திருந்தேன்.

புது அசெம்ப்ளி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். பிரீதர் இருப்பது ஆக்சில் கூட்டின் மேல். அவர்கள் மாற்றச் சொன்னது உள்ளே உட்காரும் கிரவுன் அசெம்ப்ளியை. அடைத்த பிரீதர் அடைத்தபடியே இருந்திருக்கும். 78,400 ரூபாய்க்குப் புது சீலை அதே அழுத்தம் தள்ளியிருக்கும்.

பெரியவர் அத்தோடு விடவில்லை. பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டம் இல்லை, ஆகவே பேரிங் நன்றாக இருக்கிறது. நட்டைக் கழற்றுவதற்கு முன் நட்டிலும் தண்டிலும் சென்டர் பஞ்ச்சால் பொட்டு வைத்தார், திரும்ப இறுக்கும்போது அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்த. ஃபிளாஞ்சை வெளியே எடுத்து, சீல் உரசும் இடத்தில் என் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். நகம் ஓரிடத்தில் தடுக்கியது. மயிரிழைப் பள்ளம். "புது சீலோட உதடு இந்தப் பள்ளத்துலயே உக்காந்தா மறுபடி கசியும்" என்று, சீலை ஒரு மில்லிமீட்டர் போலத் தள்ளி, தேயாத இடத்தில் உதடு படுகிற மாதிரி அடித்தார். வடித்த ஆயிலைச் சட்டியில் விரலால் தேய்த்துக் காட்டினார். வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் மை போலச் சாம்பல் பசை; அது இருக்கலாம். சில்லு இருக்கக் கூடாது. இல்லை. ஆயில், சீல், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய் வாங்கினார். பிரீதர் சுரண்டியதற்குக் காசு கேட்கவில்லை.

சில்லு இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். என் சித்தப்பா மகன் வண்டியில் இருந்தது. அறுபதில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஊளை, விட்டால் ஓயும். கம்பெனியில் அசெம்ப்ளி மாற்றச் சொன்னார்கள். ஆயிலை வடித்துக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டிவிட்டுச் சொன்னார்கள். அடியில் மினுமினுவென்று இரும்புத் துணுக்குகள். அவன் மறுபேச்சில்லாமல் மாற்றினான். சரிதான்.

"பிரேக் சமாச்சாரம், உயிரோடு விளையாடலாமா" என்றும் பயமுறுத்தினார்கள். ஆக்சில் சீல் கசிந்து ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் பிரேக் ஷூ நனைந்து பிடிக்காது, உண்மையான ஆபத்து. அப்படிச் சந்தேகம் இருந்திருந்தால் டிரம்மைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும், எஸ்டிமேட்டில் பிரேக் ஷூ ஏறியிருக்க வேண்டும். என் எஸ்டிமேட்டில் ஷூவும் இல்லை, டிரம்மும் இல்லை. ஆக, பயம் எனக்கு மட்டும்தான் ஊட்டப்பட்டது; அவர்களுக்கே அது இல்லை.

வாரண்டி போய்விடும் என்பது கடைசி அஸ்திரம். என் ஒன்பது வயசு வண்டிக்கு அது செத்துப் பல காலம் ஆகிறது; ஆனாலும் புது வண்டிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. தொகை பற்றி மேல்முறையீடுகள் நடந்தன, அது வேறு கதை. அந்த உத்தரவில் ஒரு வரி முக்கியம்: வெளியே வேலை பார்க்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாட்டில் சேர்க்கிறது. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் புகாரைப் பதிவு செய்துகொள்கிறார்கள்.

மச்சினனுக்கு இன்னும் ஒரு குறை உண்டு. இப்படிக் கேள்வி கேட்டால் அவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், அடுத்த சர்வீஸில் வண்டியைச் சரியாகப் பார்க்க மாட்டார்கள் என்கிறான். சுளிக்கட்டும். எந்த இடம், எவ்வளவு ஆயில் குறைந்திருக்கிறது, பேரிங்கில் ஆட்டம் உண்டா, பிரீதரைப் பார்த்தீர்களா என்று கேட்பதில் யாரையும் திருடன் என்று சொல்லவில்லையே. வேலை தெரிந்தவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். பட்டறைப் பெரியவர் நான் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

இந்தச் சித்திரையில் அதே சர்வீஸ் சென்டருக்கு ஏ.சி. பார்க்க விட்டிருந்தேன். ஜாப் கார்டில் மறுபடி அந்த வரி: டிஃபரன்ஷியல் ஆயில் லீக், கஸ்டமர் டினைட். பழைய ரெக்கார்டிலிருந்து தானாக ஏறிவிட்டதாம். இந்தத் தடவை லிஃப்ட் காலியாக இருந்தது. ஏற்றச் சொல்லி, அங்கே கிடந்த பனியன் வேஸ்ட்டில் ஒரு பிடி எடுத்து, அட்வைசரை நிற்க வைத்து, கிரவுன் மூக்கிலிருந்து கூட்டின் அடிவரை அழுத்தித் துடைத்துக் காட்டினேன். துணியில் வந்தது கொல்லிமலைச் செம்மண்.